பேனாவை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்

கல்லூரிக் கலைவிழாப் பொறுப்பாசிரியர்களுக்கும், மாணவர் குழுக்களுக்கும், உடற்கல்வி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

போன கல்வியாண்டில் மேற்கு மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நடந்த விஷயம் இது. பேனாவை விரல்களுக்கிடையே சுழற்றி வித்தை காட்டும் மாணவர்கள் சிலர் சேர்ந்து, கலைவிழாவில் தங்களுக்கும் ஒரு போட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கலைவிழாக் குழு, "இதில் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. போட்டி என்கிறீர்கள், அப்படியென்றால் விளையாட்டுத் துறையில் கேளுங்கள்" என்றது. உடற்கல்வித் துறையோ, "எங்கள் பட்டியலில் உள்ளரங்க விளையாட்டு என்றால் செஸ், கேரம், டேபிள் டென்னிஸ். இது பொழுதுபோக்கு, ஹாபி கிளப்பைப் பாருங்கள்" என்றது. ஹாபி கிளப்பில் கேமரா வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், நிதி மட்டும் இல்லை. கடைசியில் அந்த வருடம் அங்கே பேனாவைவிட விண்ணப்பம்தான் நன்றாகச் சுழன்றது.

அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, பெயரும் வேண்டாம். வேறு ஊர்களிலிருந்தும் இதே கதை என் காதுக்கு வருகிறது. நான் கல்லூரி நாளிலிருந்து பேனா சுழற்றுகிறவன். இப்போது கணக்கு வேலை. சின்னப் பையன்களும் பெண்களும் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து, எங்கே கை தடுமாறுகிறது என்று சொல்வது மாலை நேர வேலை. அந்த உரிமையில்தான் பேசுகிறேன். இது கலையா, விளையாட்டா, பொழுதுபோக்கா என்று நீங்கள் கேட்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் படிவத்தில் இதைக் கலைப் பிரிவில் எழுதுங்கள். ஏன் என்று விளக்க, கொஞ்சம் கையருகே வந்து பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் வகுப்பில் பேனாவைச் சுற்றியிருப்பீர்கள், அல்லது சுற்றியவனைத் திட்டியிருப்பீர்கள். எல்லோரும் முதலில் பழகுவது தம்ப் அரவுண்ட். பேனாவின் நடுப்பகுதியைக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் பிடித்துக்கொண்டு, நடுவிரலைத் துப்பாக்கி விசையை இழுப்பதுபோல் உள்ளே இழுக்க வேண்டும். பேனா கட்டைவிரலின் மேல்பக்கமாக ஒரு முழுச் சுற்று உருண்டு வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் விழும். கேட்க எளிது. பழகுகிறவர்கள் எல்லோரும் இரண்டு தப்பைச் செய்வார்கள். ஒன்று, தேவைக்கு மேல் பலம் கொடுத்துப் பேனாவைப் பக்கத்து பெஞ்சுக்கு அனுப்புவது. இன்னொன்று, ஆள்காட்டி விரலை விலக்காமல் வழியிலேயே நிறுத்தி வைப்பது. சுற்ற வைப்பது நடுவிரல்தான், ஆனால் ஆள்காட்டி சரியான நேரத்தில் ஒதுங்கிக் கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. மணிக்கட்டு அசையக் கூடாது.

இதோடு பாஸ், சோனிக், சார்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அடிப்படை முடிந்தது. பாஸ் என்பது பேனா விரலிடுக்கு விரலிடுக்காகச் சுண்டுவிரல் வரை இறங்கிப் போவது. சோனிக்கில் பேனா நடுவிரலுக்குப் பின்னால் மறைந்து அடுத்த இடுக்கில் தலைகாட்டும். சார்ஜில் பேனா இடத்தை விட்டு நகராமல் இரண்டு விரலுக்கு நடுவிலேயே கூம்பு போலச் சுழலும். டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் குச்சியைச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் சார்ஜ்தான்.

விரல்களுக்கு எண் உண்டு. ஆள்காட்டி 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4. கட்டைவிரலுக்கு மட்டும் எண் இல்லை, T என்ற ஆங்கில எழுத்து. பேனா நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் இருந்தால் 23. அங்கிருந்து ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே வந்தால் 12. ஆக "சோனிக் 23-12" என்று எழுதினால், சியோலில் இருக்கிறவரும் சேலத்தில் இருக்கிறவரும் ஒரே அசைவைச் செய்வார்கள். எத்தனை சுற்று என்பதையும் அரைச் சுற்று, ஒன்றரைச் சுற்று என்று குறிக்கலாம். இப்படிக் கையசைவை எழுத்தில் எழுதி வைக்கிற முறை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இங்கேதான் என் வாதத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் தொடங்கும் இடுக்கு ஒன்று, முடியும் இடுக்கு ஒன்று. 12இல் முடிந்த அசைவுக்கு அடுத்து, 12இல் தொடங்குகிற ஒன்றைத்தான் கோக்க முடியும். முன்பாட்டு முடிந்த சொல்லில் பின்பாட்டைத் தொடங்குவது அந்தாதி என்று நமக்குத் தெரியும். பேனா சுழற்றுகிறவர் கோக்கிற தொடரும், நாங்கள் காம்போ என்கிறோமே, அதுவும் அந்தாதிதான். எதற்குப் பின் எது வரலாம் என்பதை இலக்கணம் சொல்லிவிடும். எது வந்தால் அழகு என்பதைச் சுழற்றுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பேனா எங்கே வேகமெடுக்கணும், எங்கே ஒரு கணம் உள்ளங்கையில் தங்கணும், புறங்கையில் போகணுமா, கை திரும்பணுமா, எதில் முடிக்கணும். அரை நிமிட ஃப்ரீஸ்டைலுக்கு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. விரல் பழகுவது கொஞ்ச காலம்தான், மீதிக் காலமெல்லாம் இந்தக் கோப்புக்கே போகும்.

அதனால் ஆளுக்கு ஆள் பாணி வேறுபடும். சிலருக்குப் பவர் ட்ரிக் பிடிக்கும். பெரிய வீச்சு, ஒரே அசைவை மின்னலாகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவது. சிலர் விரல் நுனியில் சின்னச் சின்னப் புதுமைகளாக அடுக்குவார்கள். பழகிய கண்ணுக்கு, முகம் காட்டாத வீடியோவிலும் கை யாருடையது என்று தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று உறுதியாகத் தெரியாது, ஆனால் ஜப்பானில் பரீட்சைக்குப் படிக்கிறவர்களிடம் வெகுகாலமாக உண்டு. பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் தோற்று, மறுவருடத் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவனை அங்கே ரோனின் என்பார்கள், எஜமான் இல்லாத சாமுராய்க்கு இருந்த பெயர். பேனா சுற்றுவதற்கே ரோனின் பெயரை வைத்து ஒரு சொல் உண்டு. நம் ஊர் நீட் ரிப்பீட்டர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 1990களில் ஹிதேயாகி கோந்தோ என்ற ஜப்பானியர் இந்த அசைவுகளைத் தொகுத்து, பெயரிட்டு, இணையத்தில் வைத்தார். அதன்பிறகுதான் தனித்தனி வகுப்பறைகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். 2008இல் டோக்கியோவில் போட்டியே நடந்தது. 2000களின் பிற்பகுதியிலிருந்து உலகப் போட்டிகள் இருக்கின்றன. ஒரு முறை தனிநபருக்கு, ஒரு முறை நாட்டு அணிகளுக்கு என்று மாறி மாறி. யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்த வீடியோவை அனுப்பினால் போதும்.

கொரியாவில் இன்னும் வேடிக்கை. கொள்குறித் தேர்வில் விடைத்தாளின் வட்டங்களைக் கறுப்பாக்க ஒரு சைன் பேனா உண்டு. பெயரைச் சுருக்கி காம்சா என்பார்கள். அதை வைத்துச் செய்த சுழற்றுப் பேனாதான் உலகம் பூராவும் பெயர் வாங்கியது. தலையெழுத்தை நிர்ணயிக்கிற பரீட்சைப் பேனாவைக் கொண்டுபோய் விளையாட்டுப் பொருளாக்கிவிட்டார்கள், பிள்ளைகள்!

பேனாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கடையில் வாங்குகிற பால்பாயிண்ட் பேனா எழுதுவதற்காகச் செய்தது, எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூடியைப் பின்னால் செருகினால் பின்பக்கம் கனக்கும். சுழற்றுகிறவர்களுக்கு எடை நடுவில் சமநிலையாக இருக்க வேண்டும், ஆனால் கனம் இரு நுனிகளில் இருக்க வேண்டும். நுனி கனமாக இருந்தால் சுற்று சீக்கிரம் தொடங்காது, தொடங்கினால் சீக்கிரம் நிற்காது, ஒரே சீராகப் போகும். பிளஸ் ஒன் இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று மனப்பாடம் செய்தோமே, அது விரலில் புரியும் இடம் இது. அதனால் இரண்டு முனையிலும் மூடி, உள்ளே ரப்பர் பிடி, சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் என்று தானே கோத்துக்கொள்வார்கள். மாட் என்பது அதற்குப் பெயர். பல மாட்களில் ரீஃபில்லே கிடையாது. எழுதாத பேனாவை எதற்கு வைத்திருக்கிறாய் என்று அம்மாக்கள் கேட்பது நியாயம்தான்.

சரி, விளையாட்டுக் கட்சிக்கு வருவோம். உடற்கல்வித் துறையினர் சொல்கிற காரணம், "உடலுழைப்பு இல்லை, வேர்க்கவில்லை." இந்தக் காரணம் நிற்காது. செஸ்ஸுக்கு யாருக்கு வேர்க்கிறது? 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாடையே நடத்தியவர்கள் நாம். யோகாசனத்தை மத்திய அரசு 2020இல் போட்டி விளையாட்டாக ஏற்றது. எனவே வியர்வையை அளவுகோலாக வைக்காதீர்கள். நான் இதை விளையாட்டில் சேர்க்க வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு.

ரூபிக்ஸ் கியூபை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் உலக கியூப் சங்கம் அமைந்தது. விதிகளும் போட்டிகளும் சிறப்பாக நடக்கின்றன. ஏன் முடிந்தது? கியூப் சேர்ந்ததா இல்லையா என்பதில் சந்தேகமில்லை, எவ்வளவு நேரம் என்பதை நொடியில் நூறில் ஒரு பங்கு வரை கடிகாரம் சொல்லும். பேனாவுக்கு அந்தக் கடிகாரம் கிடையாது. இருந்தும் விளையாட்டுப் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் எண்ணக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தும்விட்டார்கள்: ஒரு நிமிடத்தில் கட்டைவிரலைச் சுற்றி எத்தனை சுற்று. எண்ணுவது சுலபம், சான்றிதழ் அடிப்பது அதைவிடச் சுலபம். ஆனால் அந்தப் போட்டியில் ஜெயிக்கிறவர் முதல் நாள் கற்ற அசைவையே நிமிடம் முழுக்கச் செய்ய வேண்டும். அந்தாதி பாடத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, முதல் சொல்லையே நூறு தடவை சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்?

இது கற்பனை பயமில்லை. நம் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளையைக் கூட உலக சாதனைக்குத் தயார் செய்கிற சந்தை ஒன்று நடக்கிறது. பணம் கட்டினால் பதக்கம், ஃபிளெக்ஸ், உள்ளூர்ப் பிரமுகரோடு போட்டோ. பேனா சுழற்றலை விளையாட்டு என்று அறிவித்த மறுவாரமே, தெருமுனை அபாகஸ் வகுப்புக்கு மேல்மாடியில் "பென் ஸ்பின்னிங், லெவல் 1 முதல் லெவல் 8 வரை" என்று போர்டு தொங்கும். மாவட்டச் சங்கம் ஒன்று தோன்றும், அதற்குப் போட்டியாக இன்னொன்று தோன்றும், எது அசல் என்று கேஸ் நடக்கும். வேறு எந்த விளையாட்டில் இது நடந்ததென்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

சுழற்றும் தம்பி தங்கைகளில் சிலர் இதைப் படித்துக் கோபப்படுவார்கள் என்று தெரியும். "சிலம்பத்தைப் பாருங்க அண்ணா" என்பார்கள். பார்த்தேன். சிலம்பம் 2021இல் அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்லது, சந்தோஷம். அந்த ஆசான்கள் எத்தனையோ வருஷம் கையேந்தி நின்றதற்குக் கிடைத்த மரியாதை. ஆனால் சிலம்பத்தில் எதிராளி ஒருவன் இருக்கிறான். தொடுமுறையில் கம்பு பட்டதா படவில்லையா என்று பார்த்துப் புள்ளி போடலாம். அலங்கார வீச்சு என்று வரும்போது அங்கேயும் நடுவரின் கண்தான் முடிவு. பேனா சுழற்றலில் எல்லாமே அலங்கார வீச்சு. எதிராளி யாருமில்லை.

பிரேக்கிங் நடனத்துக்கு நடந்ததையும் யோசித்துப் பாருங்கள். தெருவில் பிறந்த ஆட்டத்தை 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஏற்றினார்கள். நடுவர்கள் நுட்பம், அசைவு வளம், நிறைவேற்றம், இசையோடு ஒட்டுவது, தனித்தன்மை என்று ஐந்து கோணங்களில் பார்த்தார்கள், முறையில் குறை சொல்ல முடியாது. கடைசியில் உலகத்துக்குத் தெரிந்தது என்ன? ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் ஆடிய ஆட்டத்தின் கேலி வீடியோ மட்டும்தான். அன்று தங்கம் வாங்கியவர் பெயரைக் கேட்டால் நூற்றில் ஒருவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் பிரேக்கிங் இல்லை. அந்த நடனக்காரர்கள் ஒன்றும் அழிந்துவிடவில்லை, தெருவிலும் அரங்கிலும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒலிம்பிக்ஸ் வந்ததால் அவர்களுக்கு என்ன கூடியது என்பதுதான் என் கேள்வி. (ஒரு உபரித் தகவல்: 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்ஸில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இலக்கியத்துக்கும்கூடப் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கத்தை வைத்து யாரும் ஓவியர்களை நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.)

"போட்டி வைக்கிறீர்கள், அப்புறம் எப்படி விளையாட்டு இல்லை?" என்று கலைவிழாக் குழுவில் ஒருவர் கேட்டாராம். மார்கழியில் தெருவுக்குத் தெரு கோலப்போட்டி வைக்கிறோம், பரிசாக எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறோம். அதற்காகக் கோலத்தை யாரும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பதிவு செய்யவில்லையே.

பொழுதுபோக்கு என்கிற கட்சியோடு எனக்குச் சண்டையே இல்லை. சுழற்றுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது பொழுதுபோக்குதான். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பேனா கிடைத்தது, சுற்றினார்கள், அவ்வளவுதான். இருந்துவிட்டுப் போகட்டும். குளியலறையில் பாடுகிறவர்கள் கோடிப் பேர், அதனால் பாட்டு பொழுதுபோக்கு என்று கலைவிழாவிலிருந்து எடுத்துவிடவில்லை. எனக்கு உறுத்துவது, அந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்துகிற விதம். ஹாபி என்றால் மேடை கிடையாது, நிதி கிடையாது, பொறுப்பாசிரியர் கிடையாது என்று அர்த்தமாகிவிடுகிறது.

வகுப்பாசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பாடம் நடக்கும்போது மேசையில் பேனா "டொக்" என்று விழுகிற சத்தம் ஒருவரிடமிருந்து வந்தால் பரவாயில்லை, கடைசி பெஞ்ச் முழுக்க வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பேனாவைப் பிடுங்கி வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதைக் கோக்க அவன் இரண்டு பேனாவைப் பலி கொடுத்திருப்பான்.

கலைவிழாக் குழுக்களுக்கு உள்ள உண்மையான சிக்கல் வேறு: மேடையில் வைத்தால் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு வழி இருக்கிறது, செலவும் குறைவு. ஒரு மேசை, அதன்மேல் கறுப்புத் துணி. துணி இருந்தால் பேனா விழுந்தாலும் சத்தம் வராது, கையும் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் ஒரு விளக்கு. கைக்கு மேலிருந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் ஒரு செல்போன், அதிலிருந்து உங்கள் அரங்கத்துப் புரொஜெக்டருக்கு ஒரு வயர். நேருக்கு நேர் எடுப்பதைவிட மேலிருந்து சற்றுச் சாய்த்து எடுத்தால் புறங்கை அசைவும் விரலிடுக்கும் சேர்ந்து தெரியும். ஒருவருக்கு ஒரு நிமிடம். பாட்டு போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

மதிப்பெண்ணை எதற்குக் கொடுப்பது? எவ்வளவு கடினம், எவ்வளவு சுத்தம், எவ்வளவு புதுசு, கோப்பு எப்படி. பேனா விழுந்தால் சுத்தத்தில் மட்டும் குறையுங்கள், ஆட்டத்திலிருந்து வெளியேற்றாதீர்கள். கஷ்டமானதை முயன்று ஒருமுறை விட்டவர், சுலபமானதை விடாமல் செய்தவரைவிட மேலே வரலாம். நடுவர் மூன்று பேரில் ஒருவராவது சுழற்றத் தெரிந்தவராக இருக்கட்டும். இன்னொருவர் நடனமோ தாளவாத்தியமோ தெரிந்தவராக இருந்தால் நல்லது, வேகத்தையும் நிறுத்தத்தையும் அவர்கள் எங்களைவிடத் தெளிவாகப் பார்ப்பார்கள். மதிப்பெண்ணோடு ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி கருத்து எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் கோப்பையைவிட அதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அவரவர் கோத்த மாட் பேனாவைக் கொண்டுவர அனுமதியுங்கள். புதியவர்களுக்குத் தனிச் சுற்று ஒன்று வைத்து, எல்லோருக்கும் ஒரே சாதாரணப் பேனாவை நீங்களே கொடுத்துவிடுங்கள், விலை உயர்ந்த பேனா வைத்திருக்கிறவன் ஜெயித்தான் என்ற பேச்சு வராது. இடது கைக்காரர்கள் வந்தால் கேமராவை மறுபக்கம் திருப்ப மறக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற சுற்றை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

உடற்கல்வி இயக்குநர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளைகள் உங்கள் அறைக்கு வந்தால், இது விளையாட்டில்லை என்பதோடு நிறுத்தாமல், கலைவிழாப் பொறுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மேலே சொன்ன கல்லூரியில் அந்த ஒரு வரி இல்லாமல்தான் விண்ணப்பம் மூன்று மேசைகளுக்கும் அலைந்தது.

பெரும்பாலான கல்லூரிகளில் கலைவிழா ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வரும், நிகழ்ச்சிப் பட்டியல் தீபாவளியை ஒட்டி முடிவாகிவிடும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இதை ஒருமுறை பேசிவிடுங்கள். மேடை கிடைக்காவிட்டால் செமினார் ஹால் போதும். கோவையைச் சுற்றியுள்ள கல்லூரி என்றால் நடுவராக நானே வருகிறேன், சன்மானம் வேண்டாம். பஸ்ஸுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், மதியச் சாப்பாடு மட்டும் உங்கள் கணக்கு.

அன்புடன்,
பேனா சுழற்றும் கணக்காளர் ஒருவர்
கோயம்புத்தூர்